ஒன்றரை டன் ஏசி என்றால், அதில் எது ஒன்றரை டன்?

கேள்வி: டன் என்பது எடை அளவுதானே? அப்புறம் ஏன் ஏசியை ஒரு டன், ஒன்றரை டன் என்று சொல்லி விற்கிறார்கள்?

ஏசியில் டன் எடையே இல்லை. ஒன்றரை டன் ஏசியின் அவுட்டோர் யூனிட்டை ரெண்டு பேர் சேர்ந்து மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய்விடுவார்கள். அந்தப் பெட்டி அறையிலிருந்து எவ்வளவு வேகமாக வெப்பத்தை வெளியேற்றும் என்பதைத்தான் இங்கே டன் என்கிறோம்.

இதற்குக் காரணம் ஐஸ். இயந்திரங்கள் வருவதற்கு முன் அமெரிக்காவில் ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் புதைத்து வைத்து, வெயில் காலத்தில் டன் கணக்கில் விற்றார்கள். பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் 1833-ல் கல்கத்தாவுக்கே கப்பலில் அனுப்பினார். மெட்ராஸுக்கும் வந்தது, திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸ் அந்த ஐஸை இறக்கி வைக்கக் கட்டியதுதான். பிறகு குளிரூட்டும் இயந்திரங்கள் வந்தபோது, அதுவரை ஐஸ் வாங்கிப் பழகியவர்களுக்கு அவற்றின் திறனை ஐஸ் கணக்கிலேயே சொல்ல வேண்டியிருந்தது. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் முழுதாக உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அவ்வளவை உறிஞ்சும் இயந்திரம் ஒரு டன் இயந்திரம் ஆனது.

கணக்கு எளிது. ஒரு பவுண்டு ஐஸ் உருக 144 பிடியு (BTU, வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு) வெப்பம் வேண்டும். அமெரிக்க டன்னுக்கு 2,000 பவுண்டு. பெருக்கினால் 2,88,000 பிடியு. 24-ஆல் வகுத்தால் மணிக்கு 12,000 பிடியு. ஏசி விளம்பரங்களில் வரும் 12,000, 18,000 எல்லாம் இதுதான். வாட்டில் சொன்னால் ஒரு டன் சுமார் 3,517 வாட். இதை மின்சாரச் செலவு என்று எடுத்துக்கொண்டு பயந்துவிடாதீர்கள், அது வெளியே தள்ளும் வெப்பம். ஒன்றரை டன் ஏசி 5,275 வாட் வெப்பத்தை வெளியேற்ற ஏறக்குறைய 1,500 வாட் மின்சாரம் இழுக்கும், அவ்வளவுதான். கடைக்குப் போனால் ஸ்டார் லேபிளில் குளிரூட்டும் திறன் எத்தனை வாட் என்று போட்டிருப்பதைப் படியுங்கள். ஒன்றரை டன் என்று விற்கும் பல மாடல்கள் 5,000 வாட்டைக்கூடத் தொடுவதில்லை. விற்பவர் சொல்லும் டன்னைவிட நான் அந்த வாட்டைத்தான் நம்புவேன்.

சரி, எடையாகப் பார்த்தாலாவது டன் ஒன்றுதானா என்றால், அதுவும் கிடையாது. அமெரிக்க டன் 907 கிலோ. பிரிட்டிஷ் டன் 2,240 பவுண்டு, அதாவது 1,016 கிலோ. நம்மூரில் கரும்புக்கும் இரும்புக்கும் போடும் மெட்ரிக் டன் 1,000 கிலோ. ஆங்கிலத்தில் மெட்ரிக் டன்னை tonne என்று எழுதி எழுத்திலாவது வித்தியாசம் காட்டலாம், தமிழில் எல்லாமே டன்தான். இலங்கைத் தமிழர்கள் சொல்லும் அந்தர், பிரிட்டிஷ் டன்னில் இருபதில் ஒரு பங்கு, 112 பவுண்டு. கிலோ வந்த பிறகு 50 கிலோ மூட்டைக்கும் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது.

டன் முதலில் எடையே இல்லை, பீப்பாய். பிரான்ஸின் போர்தோ பகுதியிலிருந்து இங்கிலாந்துக்குத் திராட்சை மது ஏற்றிவந்த பெரிய மரப்பீப்பாய்க்குத்தான் அந்தப் பெயர். 252 கேலன் பிடிக்கும். இத்தனை பீப்பாய் ஏற்றும் கப்பல் என்று கப்பலின் அளவைச் சொல்லிச் சொல்லியே கப்பலுக்கும் டன் வந்தது. கப்பல் விஷயத்தில்தான் செய்தி படிப்பவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். டைட்டானிக் 46,328 டன் என்பது அதன் எடை அல்ல, உள்ளே இருந்த இடம். அந்தக் கணக்கில் ஒரு டன் என்றால் 100 கன அடி. மணல் லாரிக்காரர்கள் ஒரு யூனிட் என்கிறார்களே, சரியாக அதே அளவு! ஆனால் கொச்சியில் கட்டிய விக்ராந்த் போர்க்கப்பல் சுமார் 45,000 டன் என்றால் அது நிஜமான எடை, கப்பல் ஒதுக்கித் தள்ளும் கடல்நீரின் எடை. சரக்குக் கப்பலுக்குச் சொல்வது மூன்றாவது வகை: சரக்கு, எரிபொருள், ஆட்கள் எல்லாம் சேர்த்து அது தாங்கக்கூடிய பாரம். இரண்டு கப்பல்களின் டன்னை அருகருகே வைத்து எது பெரிது என்று சொல்லும் செய்தியைப் பார்த்தால், எந்த டன் என்று தெரியாமல் நம்ப வேண்டாம்.

அணுகுண்டுக்குச் சொல்லும் கிலோ டன்னும் குண்டின் எடை அல்ல. அத்தனை ஆயிரம் டன் டிஎன்டி என்ற வெடிமருந்து வெடித்தால் வரும் ஆற்றல். ஹிரோஷிமாவில் விழுந்தது சுமார் 15 கிலோ டன், குண்டின் எடையோ நாலரை டன்னுக்குள்தான்.

கிரிக்கெட் வர்ணனையில் டன் அடித்தார் என்றால் நூறு ரன். பிரிட்டனில் பைக் ஓட்டுபவர்களுக்கு அது மணிக்கு நூறு மைல் வேகம்.