விழும் வாயுவின் வெளிச்சம்

கேள்வி: கருந்துளையிலிருந்து ஒளிகூடத் தப்ப முடியாது என்கிறார்கள். சில கேலக்ஸிகளின் மையத்திலிருந்து வரும் பெரும் வெளிச்சத்துக்கு அதே கருந்துளைதான் காரணம் என்றும் சொல்கிறார்கள். இரண்டும் எப்படிச் சரியாகும்?
– ஒரு வாசகி

பதில்: இந்தக் குழப்பம் எனக்கும் பல வருடங்கள் இருந்தது. கருந்துளைக்குள் போய்விட்ட எதுவும் ஒளிர்ந்து நம்மை எட்டாது. நாம் பார்ப்பது, உள்ளே விழுவதற்கு முன் வாயு விடுகிற வெளிச்சம்.

எல்லா கேலக்ஸிக்கும் இது பொருந்தாது. ஆண்ட்ரோமெடாவின் நடுப்பகுதி பளிச்சென்று தெரிவது அங்கே நட்சத்திரங்கள் நெருக்கமாக இருப்பதால்தான். நீங்கள் கேட்பது குவாசார்களைப் பற்றி, அதாவது கருந்துளையை நோக்கி விழும் வாயுவால் பெரும் வெளிச்சத்தோடு ஒளிரும் கேலக்ஸி மையங்களைப் பற்றி.

கன்னி ராசி நட்சத்திரக் கூட்டத்தில் 3சி 273 என்று ஒன்று இருக்கிறது. நிலவில்லாத ஓர் இரவில், 8 அங்குலத் தொலைநோக்கியில், வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் தேடிப் பிடித்தேன். மங்கலான ஒரு புள்ளி. பக்கத்து நட்சத்திரங்களிலிருந்து அதைப் பிரித்துச் சொல்லவே முடியாது. ஆனால் அந்த ஒளி கிளம்பி சுமார் 200 கோடி ஆண்டுகள் ஆகின்றன! கண்ணை எடுக்க மனமே வரவில்லை. 1963இல் வானியலாளர் மார்ட்டன் ஷ்மிட் அதன் நிறமாலையைப் படித்து, அது நம் கேலக்ஸிக்கு வெகு அப்பால் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிகிறது என்றால், ஒரு முழு கேலக்ஸியையே மிஞ்சும் வெளிச்சம் அது.

அதைவிட வியப்பான விஷயம், குவாசார்களின் வெளிச்சம் கூடிக் குறைகிறது, சிலவற்றில் சில நாட்களுக்குள்ளேயே. ஒரு பொருளின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒளி போய்ச்சேர ஒரு மாதம் ஆகும் என்றால், அது மொத்தமாக ஒரே நாளில் மங்க முடியாது. ஆகவே அத்தனை வெளிச்சமும் நம் சூரிய மண்டலத்தோடு ஒப்பிடத்தக்க சிறிய இடத்திலிருந்து வருகிறது. அவ்வளவு இடத்துக்குள் லட்சம் கோடி நட்சத்திரங்களை அடைக்கவா முடியும்?

சரி, எரிபொருள் எது? ஈர்ப்புதான். கருந்துளையை நெருங்கும் வாயு நேராக உள்ளே விழுவதில்லை. தட்டு போலப் பரந்து, சுற்றிச் சுற்றி உள்நோக்கி இறங்குகிறது. உட்புற வாயு வேகமாகவும் வெளிப்புற வாயு மெதுவாகவும் சுற்றுவதால் ஒன்றோடொன்று உரசுகிறது. காந்தப்புலம் அதைக் கலக்கிவிடுகிறது. உள்ளங்கைகளைத் தேய்த்தால் சூடாகிறதே, அதேதான். ஆனால் இங்கே வேகம் ஒளியின் வேகத்தில் பெரும் பங்கு. சூடு பல்லாயிரம் டிகிரி. வாயு தகதகவென்று ஒளிர்கிறது.

சூரியனுக்குள் 1 கிலோ ஹைட்ரஜன் ஹீலியமாக மாறும்போது சுமார் 7 கிராம்தான் ஆற்றலாகிறது. அதே 1 கிலோ, கருந்துளையை நோக்கி இறங்கினால் ஏறக்குறைய 60 கிராம். கருந்துளை மிக வேகமாகச் சுழன்றால் 400 கிராம் வரைக்கும்! ஆண்டுக்கு ஒரு சூரியனின் எடையளவு வாயு விழுந்தாலே, லட்சம் கோடி சூரியன்களின் வெளிச்சம் கிடைத்துவிடும்.

நம் பால்வெளியின் மையத்திலும் 40 லட்சம் சூரியன்களின் எடையுள்ள கருந்துளை ஒன்று இருக்கிறது. அதற்கு இப்போது தீனி மிகக் குறைவு. அதனால்தான் அது மங்கிக் கிடக்கிறது.