ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆன பிறகும் போர்க்காய ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்க முடியுமா?

முடியும். நீங்கள் எழுதியிருக்கும் விவரங்கள் ஆவணங்களிலும் அப்படியே இருக்குமானால், உங்களுக்கு வரவேண்டிய தொகையில் ஒரு பகுதிதான் இத்தனை ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கிறது என்பது என் கருத்து. நான் ராணுவத்தில் எழுத்தர் பிரிவில் பணியாற்றி ஜே.சி.ஓ.வாக (இளநிலை அதிகாரியாக) ஓய்வு பெற்றவன். இப்போது எங்கள் பகுதியைச் சேர்ந்த முன்னாள் படைவீரர்களுக்கு ஓய்வூதிய மனுக்கள் எழுத உதவிவருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து இந்தப் பதிலை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பிறரும் படிப்பார்கள் அல்லவா? நீங்கள் பொறியாளர் படைப்பிரிவில் ஹவில்தாராக இருந்து 2014-இல் ஓய்வு பெற்றிருக்கிறீர்கள். பாகிஸ்தான் எல்லையில் நம் படைகள் குவிக்கப்பட்ட ஆபரேஷன் பராக்ரமின்போது, பஞ்சாப் எல்லையில் நம் படையே புதைத்து வைத்த கண்ணிவெடிகளை 2003 தொடக்கத்தில் அகற்றியபோது ஒன்று வெடித்து உங்கள் இடது பாதம் சிதைந்தது. சிகிச்சைக்குப் பின் மருத்துவ வகை (உடல்தகுதித் தரம்) குறைக்கப்பட்டு, பணியிலேயே தொடர்ந்தீர்கள். ஓய்வுக்கு முந்தைய மருத்துவ வாரியம் 40 விழுக்காடு ஊனம் என்று மதிப்பிட்டது. அதன்படி ஓய்வூதியத்தோடு டிசபிலிட்டி எலிமென்ட் என்னும் ஊனத்துக்கான தொகை கிடைக்கிறது. அதற்குப் பதிலாகப் போர்க்காயத்துக்கான வார் இன்ஜுரி எலிமென்ட் கேட்கலாமா என்று விசாரித்தபோது, "போரே நடக்கவில்லையே, எதிரி உங்களைச் சுடவும் இல்லையே" என்று சொல்லியிருக்கிறார்கள்.

அந்தப் பேச்சு விதிக்குப் பொருந்தாது. ஊனத்துக்கான ஓய்வூதியத்தைப் பற்றிப் பேசும் நம் மக்களில் பெரும்பாலோர் விழுக்காட்டையே கேட்கிறார்கள். 40 கொடுத்தார்களா, 50 கொடுத்தார்களா என்பதே பேச்சாக இருக்கிறது. ஆனால் உங்களைப் போன்றவர்களுக்கு விழுக்காட்டைவிட முக்கியமானது, காயம் எந்தப் பிரிவில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான். பாதுகாப்பு அமைச்சகம் 31.1.2001 அன்று வெளியிட்ட ஆணையின் 4.1-ஆம் பத்தி, இறப்பையும் ஊனத்தையும் அவற்றின் காரணத்தைக் கொண்டு ஏ, பி, சி, டி, இ என ஐந்து பிரிவுகளாக வகுக்கிறது. படைப்பணியோடு தொடர்பில்லாத இயற்கைக் காரணங்கள் ஏ பிரிவில் வரும். பணியால் வந்த அல்லது பணியால் முற்றிய நோய்கள் பி, பணியின்போது நேர்ந்த விபத்துகள் சி, செயற்களப் பணியில் இல்லாதபோது தீவிரவாதிகளாலும் சமூக விரோதிகளாலும் நேரும் தாக்குதல் போன்றவை டி. போரும் போரை ஒத்த சூழ்நிலைகளும் இ பிரிவு.

இந்த இ பிரிவில் அயல்நாட்டுடன் நடக்கும் போர் மட்டும் இல்லை. எல்லை மோதல்கள், வெளிநாடுகளில் அமைதி காக்கும் பணியில் எடுக்கும் நடவடிக்கை, தீவிரவாதிகளுக்கு எதிரான நடவடிக்கை, உண்மையான வெடிபொருளைக் கொண்டு நடத்தும் போர்ப்பயிற்சி, அரசு தனியாக அறிவிக்கும் ஆபரேஷன்கள் ஆகியவையும் அதில் அடங்கும். உங்களுக்கு வேண்டிய வரியும் அங்கேயே இருக்கிறது: கண்ணிவெடிகளைப் புதைக்கும்போதும் அகற்றும்போதும் நேர்பவை. பன்னாட்டு எல்லைக்கும் கட்டுப்பாட்டுக் கோட்டுக்கும் அருகிலுள்ள செயற்களப் பகுதிகளில், எதிரி புதைத்ததாக இருந்தாலும் நாமே புதைத்ததாக இருந்தாலும், கண்ணிவெடிக் களத்தில் தற்செயலாக நிகழும் வெடிப்பும் அந்தப் பிரிவிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. பராக்ரம் காலத்தில் ஒரு குண்டுகூடச் சுடாமலேயே சாப்பர்கள் என்னும் பொறியாளர் படைவீரர்கள் பலர் காலையும் கையையும் இழந்தார்கள். அவர்களுக்காகவே எழுதப்பட்டதுபோல் இருக்கும் இந்த வரியை மனுவில் மேற்கோளாகக் காட்டாமல் விட்டுவிடாதீர்கள்.

பணத்தில் இதனால் என்ன வேறுபாடு என்று பார்ப்போம். உங்களைப் போல் பணியில் தொடர்ந்து, காலம் முடிந்து ஓய்வு பெற்றவருக்கு 100 விழுக்காடு ஊனமானால் டிசபிலிட்டி எலிமென்ட் கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு. அதே ஊனம் இ பிரிவில் வந்தால் வார் இன்ஜுரி எலிமென்ட் 60 விழுக்காடு. ஊனம் குறையக் குறைய இரண்டும் அதே அளவில் குறையும். கணக்குக்காக உங்கள் கடைசி ஊதியம் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 40 விழுக்காட்டுக்கு டிசபிலிட்டி எலிமென்ட் 2,400 ரூபாய். இ பிரிவில் வைத்து, 40-ஐ 50 ஆக உயர்த்திக் கணக்கிட்டால் 6,000 ரூபாய். 2016-இல் ஏழாவது ஊதியக் குழுவின்படி 2.57-ஆல் பெருக்கியபோது முதல் தொகை 6,168 ஆகிறது, இரண்டாவது 15,420 ஆகிறது. இவற்றின் மீது அகவிலை நிவாரணமும் உண்டு. மாதந்தோறும், ஆயுள் முழுவதும் வரவேண்டிய தொகை என்பதால் இதைச் சிறிய வேறுபாடு என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது.

40 எப்படி 50 ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். இதைப் படைவீரர்கள் பிராட் பேண்டிங் என்று அழைக்கிறார்கள். 50-க்குக் கீழுள்ள ஊனத்தை 50 ஆகவும், 50 முதல் 75 வரை உள்ளதை 75 ஆகவும், அதற்கு மேற்பட்டதை 100 ஆகவும் கொள்ளும் முறை இது. 2001-ஆம் ஆண்டு ஆணையின்படி, ஊனத்தால் பணியிலிருந்து இடையில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டுமே இது தரப்பட்டுவந்தது. காலம் முடிந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் ராம் அவதார் வழக்கில் 10.12.2014 அன்று தீர்ப்பளித்தது. உங்கள் பி.பி.ஓ.வில் (ஓய்வூதியம் வழங்கும் ஆணையில்) இன்னும் 40 என்றே இருந்தால் இது தனியாகக் கேட்க வேண்டிய இரண்டாவது உரிமை. இரண்டையும் ஒரே மனுவில் எழுதலாம், ஆனால் வெவ்வேறு பத்திகளில் எழுதுங்கள். ஒன்றை மறுப்பதற்குச் சொல்லும் காரணம் மற்றொன்றையும் இழுத்துக்கொண்டு போகக் கூடாது.

மனு எழுதுவதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். காயம்பட்டும் பணியில் தொடர்ந்தவர்களுக்கு, மாதத் தொகைக்குப் பதிலாக ஒரே தவணையில் இழப்பீடு பெற்றுக்கொள்ளும் விருப்ப உரிமை இருந்தது. அதைப் பெற்றவர் அதே காயத்துக்குப் பின்னர் மாதத் தொகை கேட்க முடியாது. உங்களுக்கு டிசபிலிட்டி எலிமென்ட் வருவதைப் பார்த்தால் நீங்கள் அதைப் பெற்றிருக்கமாட்டீர்கள் என்றே தோன்றுகிறது. இருந்தாலும் அந்த நாட்களில் எந்த விருப்பப் படிவத்தில் கையெழுத்திட்டீர்கள் என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். மேலும், 21.9.2023 முதல் புதிய தகுதி விதிகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. உங்களுக்குப் பொருந்துவது நீங்கள் ஓய்வு பெற்ற 2014-இல் இருந்த விதிகளே. புதிய விதிகளைக் காட்டி யாராவது உங்களைக் குழப்பினால் ஓய்வு பெற்ற தேதியைச் சொல்லிவிட்டு மேலே செல்லுங்கள்.

இனி ஆவணங்கள். என் பதிலில் மிக முக்கியமான பகுதி இதுதான், ஏனென்றால் இத்தகைய மனுக்கள் சட்டத்தில் தோற்பதைவிடக் காகிதத்தில் தோற்பதே அதிகம். கண்ணிவெடியால்தான் காயம் ஏற்பட்டது, அதை அகற்றும் பணியில் நீங்கள் ஆணைப்படி ஈடுபட்டிருந்தீர்கள், அந்த இடம் செயற்களப் பகுதி என்ற மூன்றையும் ஆவணம் காட்ட வேண்டும். இவற்றுக்குச் சான்றாக நிற்பவை, ஐ.ஏ.எஃப்.ஒய். 2006 என்னும் காய அறிக்கைப் படிவம், விபத்து குறித்து நடந்த கோர்ட் ஆஃப் என்கொயரி என்னும் படை விசாரணையின் நடவடிக்கைகள், நீங்கள் காயமடைந்ததைத் தெரிவித்து உங்கள் யூனிட் அனுப்பிய கேஷுவல்டி செய்தி, அதை உங்கள் பணிப்பதிவில் சேர்க்க வெளியான பார்ட் டூ ஆர்டர், ராணுவ மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் குறிப்பு, ஓய்வுக்கு முன் நடந்த மருத்துவ வாரியத்தின் அறிக்கைப் படிவமான ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப். 16 ஆகியவை. மருத்துவ வாரிய அறிக்கையில் "பணியால் ஏற்பட்டது" என்ற வரி மட்டும் இருக்கலாம். அந்த ஒரு வரி இ பிரிவைத் தராது. காயம் எவ்வாறு ஏற்பட்டது என்பதைச் சொல்வது காய அறிக்கையும் விசாரணை நடவடிக்கைகளும்தான்.

இவை உங்களிடம் இல்லாவிட்டால் கவலைப்பட வேண்டாம். பலரிடம் டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் தவிர வேறெதுவும் இருப்பதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் உங்கள் பணிப்பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதினால் உங்களைப் பற்றிய ஆவணங்களின் நகலைப் பெறலாம். பதில் தர 30 நாள் கெடு உண்டு. மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு ரெக்கார்டு ஆபீஸ் நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் இருக்கிறது. மெட்ராஸ் பொறியாளர் குழுவைச் சேர்ந்தவர்களுக்குப் பெங்களூருவில். "என் கோப்பு முழுவதையும் தருக" என்று பொதுவாக எழுதாமல், மேலே சொன்ன ஆவணங்களைப் பெயர் சொல்லியும், காயம்பட்ட தேதியையும் யூனிட்டையும் குறிப்பிட்டும் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் வருவதும் பொதுவான பதிலாகவே இருக்கும். விசாரணை நடவடிக்கைகள் கால வரம்பு முடிந்து அழிக்கப்பட்டுவிட்டதாகப் பதில் வந்தால், அந்தப் பதிலையே பத்திரப்படுத்துங்கள். ஆவணத்தைக் காத்து வைத்திருக்க வேண்டியது அலுவலகம் என்று பிற்பாடு வாதாட அது உதவும். அதோடு, அன்று உங்களோடு அந்தப் பணியில் இருந்த தோழர்கள் இருவரிடமாவது நோட்டரி முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம் வாங்கிச் சேருங்கள்.

பார்ட் டூ ஆர்டரில் உங்கள் பெயர் "பேட்டில் கேஷுவல்டி" (போர்ப் பாதிப்பு) என்று வந்திருந்தால் வேலை எளிது. "பிசிக்கல் கேஷுவல்டி" (போர் சாராத பாதிப்பு) என்று வந்திருந்தாலும் மனம் தளர வேண்டாம். கேஷுவல்டியை அந்த இரண்டாக வகுப்பது 2003-ஆம் ஆண்டின் முதலாவது ராணுவ ஆணை. ஓய்வூதியப் பிரிவைத் தீர்மானிப்பது 2001-இல் வந்த அமைச்சக ஆணை. இரண்டும் வெவ்வேறு பட்டியல்கள் என்பதை மனுவில் தெளிவாக எழுத வேண்டும். இந்த வகைப்பாடு ஒரு குடும்பத்தை எப்படி அலைக்கழிக்கும் என்பதற்கு 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்த ஒரு வழக்கைச் சொல்லலாம். ஜம்மு காஷ்மீரில் கட்டுப்பாட்டுக் கோட்டருகே கடுங்குளிரில் ரோந்து சென்றபோது இறந்த ஒரு நாயக்கை முதலில் பேட்டில் கேஷுவல்டி என்று குறித்தார்கள்; பிறகு பிசிக்கல் கேஷுவல்டி என்று மாற்றிவிட்டார்கள். ஆயுதப் படைத் தீர்ப்பாயம் அவர் மனைவிக்கு லிபரலைஸ்டு ஃபேமிலி பென்ஷன் என்னும் கூடுதல் குடும்ப ஓய்வூதியம் தரச் சொல்லியும் அரசு மேல்முறையீடு செய்தது. உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்ததோடு, அந்த அம்மாவுக்கு 50,000 ரூபாய் வழக்குச் செலவும் தரச் சொன்னது. அது குடும்ப ஓய்வூதிய வழக்குதான். ஆனால் குறித்த வகை இறுதியானதில்லை என்பதற்கு உங்களுக்கும் பயன்படும்.

மனுவை ரெக்கார்டு ஆபீசின் பொறுப்பு அதிகாரிக்கு அனுப்புங்கள். காயத்தை எந்தப் பிரிவில் வைப்பது என்று முடிவு செய்து உரிமைக் கோரிக்கையை அனுப்ப வேண்டியவர் அவர். பிரயாக்ராஜில் உள்ள ஓய்வூதியக் கணக்கு அலுவலகம் அதன்பேரில்தான் திருத்திய பி.பி.ஓ. வழங்கும். ஸ்பர்ஷ் என்னும் ராணுவ ஓய்வூதிய இணையதளத்தில் மட்டும் புகார் பதிந்துவிட்டுக் காத்திருப்பதால் பயன் குறைவு, ஏனென்றால் பிரிவை மாற்றும் முடிவு அங்கே எடுக்கப்படுவதில்லை. மனுவை விரைவுத் தபாலில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாகவும் ஒரு நகல் போகட்டும்.

மறுத்துவிட்டால் ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடும், அதுவும் மறுக்கப்பட்டால் இரண்டாவது மேல்முறையீடும் செய்யலாம். அதற்குப் பின் ஆயுதப் படைத் தீர்ப்பாயம். அதன் சென்னை அமர்வு இருப்பதால் நீங்கள் டெல்லிக்கு அலைய வேண்டியதில்லை. இறுதி மறுப்பு வந்த ஆறு மாதத்துக்குள் அங்கே மனுச் செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரமும் தீர்ப்பாயத்துக்கு உண்டு.

இத்தனை ஆண்டுகள் கழித்துக் கேட்பதை எப்படி ஏற்பார்கள் என்பது உங்கள் பெரிய கவலையாக இருக்கிறது. தர்செம் சிங் வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உங்களுக்குத் தைரியம் தரும். ஓய்வூதியம் மாதந்தோறும் குறைவாக வருவது தொடர்ந்து நிகழும் தவறு என்பதால், தாமதத்தைக் காட்டி உரிமையையே மறுக்க முடியாது என்றும், பழைய பாக்கியை மட்டும் வழக்குத் தொடுத்த நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குக் கட்டுப்படுத்தலாம் என்றும் அது கூறியது. ஆகவே தாமதம் உங்கள் உரிமையை அழிப்பதில்லை, பாக்கியைத்தான் தின்கிறது. மனுவை இந்த மாதமே அனுப்புங்கள் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

வெடிப்புக்குப் பிறகு இடது காது மந்தமானதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது மருத்துவ வாரிய அறிக்கையில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவாகியிருந்து, பணியோடு தொடர்பில்லை என்று ஒதுக்கியிருந்தால், தரம்வீர் சிங் வழக்கின் 2013-ஆம் ஆண்டுத் தீர்ப்பை எடுத்துக்காட்டுங்கள். படையில் சேரும்போது பதிவேட்டில் குறை எதுவும் எழுதப்படாதவருக்குப் பின்னர் ஏற்படும் குறையைப் பணியால் வந்ததாகவே முதலில் கொள்ள வேண்டும், இல்லையென்று நிறுவும் பொறுப்பு அரசினுடையது என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் காதைப் பற்றிய கோரிக்கைக்காகப் பாதத்தைப் பற்றிய மனுவை நிறுத்தி வைக்காதீர்கள். அதற்கு மறு மருத்துவ வாரியம் தேவைப்படலாம், நாளாகும். பாதத்துக்கான மனுவுக்கு இப்போதே விதி இருக்கிறது. பாக்கித் தொகையில் பங்கு தந்தால் முடித்துத் தருகிறேன் என்று வருபவர்களிடம் அசல் ஆவணங்களை மட்டும் ஒருபோதும் கொடுத்துவிடாதீர்கள். தகவல் உரிமை மனுவுக்குப் பதில் வந்ததும் காய அறிக்கையில் காரணம் எந்தச் சொற்களில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை, உங்கள் பெயரும் படை எண்ணும் இல்லாமல், இங்கே எழுதுங்கள். ரெக்கார்டு ஆபீசுக்கான மனுவின் வாசகத்தை அதைப் பார்த்து வரைந்து தருகிறேன்.