‘கை உடைந்தால் நிம்மதி’ என்று மகன் சொன்னால்

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். என் மகனுக்கு 16 வயது. உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் அணியில் பிட்சர், அதாவது பந்து வீசுபவன். ஆட்டத்துக்கு முதல் நாள் இரவு தூக்கமில்லை. காலையில் வாந்தி, உள்ளங்கையில் வியர்வை, கை நடுக்கம். கடைசி மூன்று ஆட்டங்களில் பந்து குறி தவறியது. இணையத்தில் ‘யிப்ஸ்’ (நன்றாக வீசியவருக்குத் திடீரெனக் குறி கைவிட்டுப்போகும் நிலை) என்றும், நரம்பு நோயாக இருக்கலாம் என்றும் போட்டிருக்கிறது. என் ஒற்றைத் தலைவலிக்காகச் சென்னையில் வாங்கிய புரோப்ரனலால் மாத்திரையை இரண்டு ஆட்டங்களுக்கு முன் கொடுத்தேன்; நடுக்கம் குறைந்தது. ஓடினால் இழுப்பு வரும் என்பதால் இன்ஹேலர் வைத்திருக்கிறான். சலிப்பில், “கை உடைஞ்சா நிம்மதியா இருக்கும்” என்றெல்லாம் பேசுகிறான். ஆட்டத்துக்கு அவனை மனதளவில் எப்படித் தயார்படுத்துவது?

பதில்: சகோதரி, அந்த மாத்திரையை இனி ஒருமுறைகூட அவனுக்குக் கொடுக்காதீர்கள். இழுப்பு உள்ளவர்களுக்குப் புரோப்ரனலால் மூச்சுக்குழாய்களை இறுக்கிவிடும். அவன் பையிலுள்ள இன்ஹேலர் மருந்து எந்த வழியாக மூச்சுக்குழாயைத் திறக்க வேண்டுமோ, அந்த வழியையே இந்த மாத்திரை அடைத்துவிடுகிறது. மைதானத்தில் இழுப்பு வந்து, இன்ஹேலரை அழுத்தியும் மூச்சு திரும்பாத நிலையை நினைத்துப் பாருங்கள். இரண்டு தடவை மட்டுமே கொடுத்திருப்பதால் இப்போதே நிறுத்தலாம், படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை. நடுக்கம் குறைந்தது உண்மைதான். ஆனால் உங்களுக்கென எழுதிய மருந்தை, அவனுடைய மூச்சைப் பற்றி ஒரு மருத்துவரிடமும் கேட்காமல் கொடுத்தது பெரிய தவறு.

நரம்பு நோய் என்ற கவலையை விட்டுவிடுங்கள். போட்டி நாளில் மட்டும் வந்து, முதல் சில பந்துகளுக்குப் பின் மறையும் நடுக்கமும் வியர்வையும் அட்ரினலின் செய்யும் வேலை. நரம்பு நோய் அப்படி நாள் பார்த்து வருவதில்லை. ஆட்டத்துக்கு முன் வாந்தி எடுப்பதற்குப் பெயர்போனவர் கூடைப்பந்து வீரர் பில் ரஸ்ஸல். அவர் 11 சாம்பியன் பட்டங்களை வென்ற அணிகளில் ஆடியவர். ஓர் இரவுத் தூக்கம் கெட்டால் கை வலுவிழந்துவிடாது. யிப்ஸ் என்பது வேறு: அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில், 1971இல் ஏழாவது, இறுதி ஆட்டத்தை வென்று கொடுத்த ஸ்டீவ் பிளாஸ், 1973இல் பந்தைக் குறியில் போடவே முடியாதவராகிப்போனார். மூன்று ஆட்டங்கள் சரியில்லை என்றதும் அந்தப் பெயரைச் சூட்டும் இணையப் பக்கங்களை உங்கள் மகனும் படித்திருப்பான் என்பதுதான் எனக்குள்ள கவலை.

நீங்கள் சலிப்பு என்று ஒதுக்கிய வாக்கியத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் இருமுறை படித்த வரி அதுதான். அடிபட்டால் நல்லது என்று ஒரு விளையாட்டுப் பிள்ளை ஆசைப்படுவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, கை ஏற்கெனவே வலிக்கிறது, சொல்ல பயப்படுகிறான். முழங்கையின் உள்பக்கத்தில் வலி இருக்கிறதா என்று கேளுங்கள். களைத்த கைக்கும் குறி தவறும். 15, 16 வயதினர் ஒரு நாளில் 95 பந்துகளுக்கு மேல் வீசக் கூடாது, 76ஐ எட்டினாலே நான்கு நாள் ஓய்வு வேண்டும் என்று அமெரிக்க பேஸ்பால் அமைப்புகள் வகுத்த ‘பிட்ச் ஸ்மார்ட்’ வழிகாட்டி சொல்கிறது. பள்ளி அணி, கிளப் அணி இரண்டிலும் ஆடுகிறான் என்றால் இரண்டு கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்.

மற்றொரு காரணம், ஆட்டத்திலிருந்து விலகக் கௌரவமான வேறு வழி அவனுக்குத் தெரியவில்லை. இப்படி என்னிடம் அழைத்துவரப்பட்ட ஒரு பையன், நாங்கள் பேசிய நேரம் முழுக்கக் கையிலிருந்த பந்தின் சிவப்புத் தையலை விரல் நுனியால் தடவிக்கொண்டே இருந்தான். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே சொன்னவன், அம்மா வெளியே போனதும், “பஸ் கவுந்தா இன்னைக்கு ஆட வேண்டாம்னு நெனச்சேன்” என்றான். அதன் பிறகு கேட்கத்தான் தெரிந்தது, ஆட்டமில்லாத நாட்களிலும் அவன் உறங்கவில்லை, நண்பர்களின் அழைப்பை எடுப்பதில்லை, பிடித்த எதுவும் பிடிக்கவில்லை என்று. பயம் ஆட்டம் முடிந்ததும் இறங்கிவிட்டால் அது பயம். ஆட்டமில்லாத நாட்களிலும் நீடித்தால் அது சிகிச்சை தேவைப்படும் நோய். இந்த வாரமே தனிமையில் அவனிடம், “சாகலாம்னு எப்பவாவது தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள்; கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. ஆம் என்றால் அவனைத் தனியே விடாமல் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 911. இல்லை என்றாலும் குழந்தைநல மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை கொடுத்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

சிகிச்சைக்குப் போனால் அவன் விளையாட்டு முடிந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். கான்சஸ் சிட்டி பேஸ்பால் அணியின் பிட்சராக இருந்த சாக் கிரின்கி, மனச்சோர்வும் சமூக அச்சமும் தாங்காமல் 2006இல் அணியை விட்டு விலகிச் சிகிச்சை பெற்றார். 2009இல், தொழில்முறை பேஸ்பாலின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அவருக்குத்தான் கிடைத்தது.

வலியும் இல்லை, மனச்சோர்வும் இல்லை என்று தெரிந்த பின் நீங்கள் கேட்ட தயாரிப்பைத் தொடங்கலாம். படபடப்பை ஒழிக்க முயன்றால் அது கூடும். அதை வைத்துக்கொண்டே பந்து வீசப் பழக வேண்டும். பிட்சர் நின்று வீசும் மேடான மவுண்டிலிருந்து, அடிப்பவர் நிற்கும் தட்டு வரை 18.44 மீட்டர் தூரம். பந்து கையை விட்டுப் போனால் அரை நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் கையை விட்டுப் போகும் வரை நேரம் பிட்சருடையது. ஒரு பந்து தவறியதும் அவன் மவுண்டின் பின்பக்கம் இறங்கி, கை வழுக்காமலிருக்கத் தூள் வைத்திருக்கும் ரோசின் பையைத் தொட்டு, மூக்கால் இழுத்த மூச்சை இரு மடங்கு நேரம் வாயால் விட்டு, மைதானத்தில் ஒரே ஓர் இடத்தைப் பார்த்துவிட்டு ஏற வேண்டும். டாம்பா பே அணியில் ஆடிய இவான் லங்கோரியா, கென் ரவிஸா என்ற விளையாட்டு உளவியலாளரிடம் பழகி, மைதானத்தின் இடப்பக்க எல்லையில் நிற்கும் ஃபவுல் கம்பத்தின் உச்சியைப் பார்த்துத் தன்னை மீட்டுக்கொண்டார். உங்கள் மகன் ஒரு கொடியையோ விளக்குக் கம்பத்தையோ தேர்ந்துகொள்ளட்டும். இதைப் பயிற்சியில் தினமும் செய்தால்தான் ஆட்டத்தில் கைகொடுக்கும். ஆட்ட நாளில் எனர்ஜி பானம் வேண்டாம், அதிலுள்ள காஃபீன் அதே நடுக்கத்தைக் கூட்டும். மூன்று மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும்.

திரும்பி வரும் காரில் யாரும் பந்து வீச்சைப் பற்றிப் பேச வேண்டாம் என்று அவன் அப்பாவிடமும் சொல்லுங்கள். பசிக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். ஆட்டத்தைப் பற்றி அவனாக ஆரம்பித்தால், அவன் முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருங்கள்.