டிஸ்க்கில் எழுதியது எத்தனை நாள் தங்கும்?

கேள்வி: குடும்பப் படங்களைக் காலி சிடி, டிவிடிகளில் எழுதி வைத்திருக்கிறேன். சில இப்போது திறப்பதில்லை. இவற்றை நம்பலாமா?

பதில்: பாதி நம்பலாம். கடையில் விற்கும் பாட்டு சிடியில் தகவல் பள்ளங்களாக அச்சாகியிருக்கும். நீங்கள் எழுதியதோ, மெல்லிய சாயப் பூச்சில் லேசர் சுட்ட தடம், அவ்வளவுதான். வெயிலும் சூடும் பட்டால் சாயம் கெடும்.

எல்லாரும் சிடியின் பளபளக்கும் அடிப்பக்கத்தைப் பொத்திப் பொத்திக் காப்பார்கள். ஆபத்து மேல்பக்கத்தில்தான்! லேசர் ஒளியைத் திருப்பி அனுப்பும் உலோகப் படலம் அங்கே ஒரு மெல்லிய பூச்சுக்கு அடியில் இருக்கிறது. பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திப் பெயர் எழுதினால் போச்சு. டிவிடியில் அந்தப் படலம் இரண்டு 0.6 மி.மீ. தகடுகளுக்கு நடுவே இருப்பதால் பரவாயில்லை. ஸ்டிக்கர் மட்டும் எதிலும் ஒட்டாதீர்கள்.

பெட்டியில் உள்ள பிராண்டை நான் பெரிதாக மதிப்பதில்லை. ஒரே பெயரில் பல ஆலைகளின் சரக்கு வரும். எழுதி முடித்ததும் 'வெரிஃபை' செய்வதைத்தான், அதாவது எழுதியது சரியாகப் பதிந்ததா என்று மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதைத்தான் நம்புவேன்.

சரி, திறக்காதவற்றை வேறு டிரைவ்களிலும் போட்டுப் பாருங்கள். ஒன்று முரண்டு பிடிப்பதை இன்னொன்று படித்துவிடும். படித்த கையோடு ஹார்டு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். ஒரு டிவிடியில் 4.7 ஜிபிதானே, இடம் பெரிய பிரச்சினை இல்லை.