துருப்பிடித்த பிறேக் குழாய்கள்: பழைய பிக்கப் வைத்திருப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்

2020 முதல் 2025 வரை வாகன இறக்குமதி முடங்கிக் கிடந்ததால், யாழ் குடாநாட்டில் பழைய பிக்கப்களுக்கு இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை. இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பிறேக் குழாயைப் பற்றியே.

குருநகர்: அண்ணை, மீன்பெட்டி ஏற்றும் என் ஹைலக்ஸில் பின்பக்கக் குழாய் ஓரிடத்தில் கசிகிறது. அந்தத் துண்டை மட்டும் வெட்டிவிட்டுச் செம்புக் குழாய் போட்டு இணைத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

வேண்டாம் தம்பி. முழுக் குழாயையும் மாற்றும்வரை வண்டியைத் தெருவில் இறக்கவும் வேண்டாம். பிறேக்கைக் கடுமையாக மிதிக்கும்போது குழாய்க்குள் சதுர அங்குலத்துக்கு ஆயிரம் இறாத்தலுக்கு மேல் அழுத்தம் ஏறும். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வளைய இணைப்பு அதைத் தாங்குமென்று நம்ப முடியாது. குளிர்சாதனப் பெட்டிக்குப் போடும் வெறும் செம்பும் அதிர்வில் இறுகி, ஒருநாள் வெடித்துவிடும். 90 வீதம் செம்பும் 10 வீதம் நிக்கலும் கலந்த குழாய் வாங்குங்கள். அது துருப்பிடிக்காது, கையாலேயே வளையும். முனையை இரட்டை மடிப்பாக விரித்துத் தருகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஒற்றை மடிப்பு என்றால் வேறு கராஜுக்குப் போங்கள்.

உங்கள் வண்டிக்கு வந்த வினை பெட்டியின் தரையிலிருந்து தொடங்குகிறது. மீனோடு உருகும் ஐஸ் தண்ணீர் ஓட்டை வழியாகச் சேஸிஸில் விழுந்து, குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்புக்குள் தேங்கிவிடும். கிளிப்பைக் கழற்றிப் பாருங்கள். வெளிப்பூச்சு மெல்ல உப்பியிருக்கும். நகத்தால் சுரண்டினால் தகடு தகடாகக் கழன்று வரும். ஓரிடத்தில் அப்படியென்றால், அதே வயதுள்ள மற்றக் கிளிப்புகளுக்குள்ளும் பெரும்பாலும் அதே கதைதான்.

காரைநகர்: கசிவு தெரியவில்லை. ஆனால் பிறேக் ஒயில் மட்டம் குறைகிறது.

பிறேக் பாட் தேய்ந்தாலும் ஒயில் மட்டம் கொஞ்சம் இறங்கும். நான்கு சில்லுகளின் உட்புறமும் காய்ந்திருக்கின்றனவா பாருங்கள். பிறகு என்ஜினை ஓடவிட்டு, மிதியை முழுப் பலத்தோடு மிதித்து அப்படியே பிடியுங்கள். மெல்ல உள்ளே இறங்கினால் குழாயிலோ மாஸ்டர் சிலிண்டரிலோ (மிதியின் அழுத்தத்தை ஒயிலுக்கு ஏற்றும் உருளை) கோளாறு. நைந்த குழாய் அந்த மிதியில் வெடிக்கலாம். வெடிக்கட்டும்! பண்ணைப் பாலத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் வெடிப்பதைவிட உங்கள் முற்றத்தில் வெடிப்பது மேல்.

பருத்தித்துறை: குழாய் நட்டு அசையவில்லை. மூலைகள் தேய்ந்து வட்டமாகிவிட்டன.

திறந்த வாய் ஸ்பானர் போட்டிருப்பீர்கள்! எப்படியும் எறியப்போகும் குழாய்தானே, நட்டுக்கு அருகிலேயே வெட்டிவிட்டு ஆறுமூலைச் சொக்கட்டை மாட்டுங்கள். முதல்நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டுவையுங்கள். காஸ் தீ வைக்கச் சொல்பவரை விலக்குங்கள். பிறேக் ஒயில் எரியக்கூடியது.

வேலணை: மகன் நாள்தோறும் பிக்கப்பைக் கிணற்றுத் தண்ணீரால் கழுவுகிறான். பிறகும் துரு ஏறுவது ஏன்?

அம்மா, உங்கள் கிணற்றுத் தண்ணீர் உவரா? உவர் என்றால் அவன் வண்டிக்கு உப்புப் பூசுகிறான். மாரியில் பிடித்துவைத்த மழைத் தண்ணீரைக் கொஞ்சமாவது அடிப்பக்கத்துக்கு ஊற்றச் சொல்லுங்கள். மேல்பக்கம் அழுக்காகக் கிடந்தால் கிடக்கட்டும்.

சாவகச்சேரி: புதுக் குழாய் போட்ட பின் எந்தப் பிறேக் ஒயில்? குழாய்க்குள் சிக்கிய காற்றை எந்தச் சில்லிலிருந்து எடுக்கத் தொடங்குவது?

ஒயில் தாங்கியின் மூடியில் டொட் 3 (பிறேக் ஒயிலின் தரக்குறி) என்றிருந்தால் அதையே ஊற்றுங்கள். டொட் 4 கலந்தாலும் குற்றமில்லை. டொட் 5 சிலிக்கோன் வகை; அது கூடவே கூடாது. பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்திலிருந்து தொடங்குவார்கள். எங்கள் வண்டிகளில் அது இடது பின் சில்லு. பின் அச்சுக்கு மேலிருக்கும் சுமை வால்வில் (சுமைக்கேற்பப் பின் பிறேக்கின் அழுத்தத்தை மாற்றுவது) காற்றெடுக்கும் தனி நிப்பிள் இருந்தால் அங்கும் காற்றெடுங்கள். ஒயில் பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் உரிந்துவிடும்.

சுன்னாகம்: பழைய என்ஜின் ஒயிலைக் குழாய்களில் பூசலாமா?

இரும்பில் பூசுவதால் கெடுதியில்லை, ஆனால் செம்மண் புழுதி அப்பிக்கொள்ளும். சில்லுக்குப் பக்கத்திலுள்ள ரப்பர் ஹோஸில் மட்டும் ஒரு சொட்டும் படக்கூடாது. ரப்பர் ஊதிப்போய், அதையும் மாற்ற வேண்டிவரும்.