ஊர்ப் பாடசாலையைப் பற்றி ஆளுக்கொரு கதை

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

யாழ்ப்பாணத்தின் வலிகாமத்திலுள்ள ஒரு கிராமத்தில் கணவருடனும் மாமியுடனும் வசிக்கிறேன். எங்கள் ஒரே மகள் அடுத்த ஆண்டு தரம் 1இல் சேர வேண்டும். விண்ணப்பிக்கும் காலம் நெருங்க நெருங்க, வீட்டில் நாங்கள் முகம் கொடுத்துப் பேசுவதே குறைந்து வருகிறது.

எங்கள் ஒழுங்கை முடியும் இடத்தில் அரசினர் தமிழ்க் கலவன் பாடசாலை ஒன்று உள்ளது. தரம் 5 வரை மட்டுமே வகுப்புகள் உள்ள சிறிய பாடசாலை அது. கணவர் அங்கே படித்தவர். 1995 போர்க்கால இடப்பெயர்வில் தென்மராட்சிக்குப் போய் அடுத்த ஆண்டு ஊர் திரும்பியபோது, ஓடுகள் சிதறிக் கிடந்த மண்டபத்தில் அப்போதைய அதிபர் வகுப்புகளை மீண்டும் தொடக்கியதை இன்றும் சொல்லுவார். மகளும் அங்கேதான் படிக்க வேண்டும் என்பது அவருடைய முடிவு. நானோ யாழ்ப்பாண நகரிலுள்ள ஒரு பெண்கள் பாடசாலையின் பழைய மாணவி. மகளை அங்கே சேர்க்க விரும்புகிறேன். அப்படிச் சேர்த்தால் அவள் காலை ஆறரைக்கு முன்னரே பாடசாலை வான் வண்டியில் ஏற வேண்டியிருக்கும்.

முன்பள்ளி வாசலில் மற்றத் தாய்மாரிடம் விசாரித்துப் பார்த்தேன். மகனைத் தரம் 3இல் படிப்பிக்கும் ஒருவர், ஊர்ப் பாடசாலை ஆசிரியை தங்கமானவர் என்கிறார். அங்கிருந்து பிள்ளையை ஒரே ஆண்டில் விலக்கியெடுத்த இன்னொருவர், அங்கே எதுவும் படிப்பிப்பதில்லை என்கிறார். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் இம்முறை வெட்டுப்புள்ளிக்கு மேல் ஒருவர்தானாம் என்று மற்றொருவர் சொன்னார். பக்கத்து வீட்டு அக்கா, “அங்க எந்தப் பக்கத்துப் பிள்ளையள் போகினம் எண்டு தெரியும்தானே” என்று குரலைத் தாழ்த்தினார். கனடாவிலிருக்கும் மச்சாள், வான் காசைத் தானே அனுப்புவதாகவும் பிள்ளையின் எதிர்காலத்தைக் கெடுக்க வேண்டாமென்றும் தொலைபேசியில் சொல்கிறார். மாமி தன் மகளான அந்த மச்சாளின் பக்கம். கணவரோ, அந்தப் பாடசாலையில் ஒரு குறையைச் சொன்னாலே எழுந்து வெளியே போய்விடுகிறார்.

சென்ற வாரம் மகள், “அம்மா, எந்தப் பள்ளிக்கூடம் கூடாதது?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. நான் யாருடைய சொல்லை நம்புவது?

இப்படிக்கு,
ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் திரட்டிய அபிப்பிராயங்களை அருகருகே வைத்துப் பார்த்தால், அவை ஒரே பாடசாலையைப் பற்றியவை அல்ல என்பது தெரியும். கணவர் பேசுவது 1996இல் இருந்த பாடசாலையைப் பற்றி. தாய்மார் இருவரும் பேசுவது இரண்டு வெவ்வேறு வகுப்பறைகளைப் பற்றி. சிறிய பாடசாலையில் ஒரு தரத்துக்குப் பெரும்பாலும் ஓர் ஆசிரியரே இருப்பார். ஆகவே ஒருவர் மெச்சுவதும் மற்றவர் நொந்துகொள்வதும் ஒருசேர உண்மையாக இருக்கலாம். அடுத்த ஆண்டு தரம் 1ஐப் பொறுப்பேற்கப் போகிறவர் யார் என்ற கேள்வியை இதுவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

புலமைப்பரிசில் பெறுபேற்றை அளவுக்கு மீறி எடைபோடாதீர்கள். வசதி குறைந்த திறமையான பிள்ளைகளுக்கு உதவிப்பணம் வழங்கவும், தரம் 6இல் பெரிய பாடசாலைகளில் இடம் கொடுக்கவும் ஏற்பட்ட பரீட்சை அது. பரீட்சை எழுதுபவர்கள் மிகச் சிலராக இருக்கும் பாடசாலையில், ஒரு பிள்ளை கூடுதலாகச் சித்தியடைந்தாலே வீதம் தலைகீழாகிவிடும். நகரப் பாடசாலைகளின் பெறுபேற்றிலும் மாலை நேர ரியூசனுக்குப் பங்குண்டு என்பதை நீங்களே அறிவீர்கள்.

பக்கத்து வீட்டு அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னது சாதிக் கதை. அதை மழுப்பி எழுத எனக்கு விருப்பமில்லை. எங்கள் ஊர்ப் பாடசாலைகளில் பிள்ளைகள் குறைந்தமைக்குப் போரும் புலம்பெயர்வும் காரணங்களாயினும், இந்தக் கதைக்கும் அதில் பங்குண்டு. வசதியுள்ளவர்கள் முதலில் பிள்ளைகளை நகரத்துக்குக் கொண்டுபோவார்கள். மிஞ்சியிருக்கும் பிள்ளைகளைக் காட்டி மற்றவர்களும் விலகுவார்கள். பிறகு பாடசாலை சரியில்லை என்று எல்லோருமாகப் பேசிக்கொள்வார்கள். கற்பித்தலைப் பற்றி அந்தச் சொல்லில் எந்தத் தகவலும் இல்லை. அது உங்கள் மனத்தில் எங்காவது தங்கியிருக்கிறதா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

கணவர் எழுந்து போவதைப் பிடிவாதம் என்று மட்டும் கொள்ளாதீர்கள். வீடும் ஊரும் குலைந்துபோன ஆண்டில், முதலில் ஒழுங்குக்குத் திரும்பிய இடம் அந்தச் சிறுவனுக்குப் பாடசாலையாகவே இருந்திருக்கலாம். அதன் குறைகளை அடுக்கும்போது, தன்னைக் காத்த ஒன்றை நீங்கள் இகழ்வதாகவே அவருக்குக் கேட்கும். எனவே வாதத்தை நிறுத்திவிட்டு, அந்த நாட்களைப் பற்றி அவரைப் பேச விடுங்கள், இடைமறிக்க வேண்டாம். பிறகு, உங்களுடைய பாடசாலை உங்களுக்கு எதைத் தந்தது, அதில் எது மகளுக்கும் கிடைக்க வேண்டுமென்று விரும்புகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். தமக்கு வாய்த்த அதிபர் இப்போது அங்கில்லை என்பதை அவர் தாமாகவே சொல்லும் நிலை வந்தால், இருவரும் சேர்ந்து போய்ப் பார்ப்பது கடினமாக இராது.

அப்படிப் போகும்போது விழா நாளில் போகாதீர்கள். அதிபரிடம் அனுமதி பெற்று, சாதாரண ஒரு நாளில் தரம் 1இலும் 2இலும் சிறிது நேரம் இருந்து பாருங்கள். எங்கள் ஆரம்பக் கல்வியில் முதலிரு தரங்களுக்கும் வழிப்படுத்தப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை ஆகிய மூன்றும் உரியவை. பிள்ளைகள் பொழுதெல்லாம் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே இருந்தால், அது ஊர்ப் பாடசாலையாக இருந்தாலும் நகரப் பாடசாலையாக இருந்தாலும் குறைதான். இரண்டு தரங்களை ஒருவரே சேர்த்து நடத்துகிறார் என்றால், ஒரு பகுதிக்குக் கற்பிக்கும் வேளையில் மற்றப் பகுதி என்ன செய்கிறது என்று கவனியுங்கள். சிறிய பாடசாலையின் உண்மையான பலவீனம் பெரும்பாலும் அங்கேதான் தெரியும். சுவரில் ஒட்டியுள்ள படங்களை விட்டுவிட்டு, நடுத்தரமான ஒரு பிள்ளையின் அப்பியாசக் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்: திருத்தப்பட்டிருக்கிறதா, எந்தத் திகதியில்? பின்வரிசையில் பேசாமல் இருக்கும் பிள்ளையை ஆசிரியை பெயர் சொல்லி அழைக்கிறாரா? மலசலகூடத்தையும் குடிநீரையும் பார்க்காமல் திரும்ப வேண்டாம். இதே பார்வையை நகரப் பாடசாலையிலும் பாருங்கள், ஏனென்றால் நீங்களும் அங்கே ஒரு பழைய காலத்தையே நினைவில் வைத்திருக்கிறீர்கள்.

என் சாய்வையும் சொல்லிவிடுகிறேன். தரம் 1 ஆசிரியை நன்றாக அமைந்தால், நடந்து போகும் பாடசாலையே ஐந்து வயதுப் பிள்ளைக்கு மேல். குறையாத தூக்கமும் அவசரமில்லாத காலை உணவும் அந்த வயதில் கற்றலின் பாதி. அந்தப் பாடசாலை தரம் 5உடன் முடிவதால், நகரப் பாடசாலை பற்றிய கேள்வி எப்படியும் மீண்டும் வரும். இப்போதே கதவு சாத்தப்படுவதில்லை. ஆனால் வகுப்பறை உங்களுக்குத் திருப்தி தராவிட்டால், கணவரின் நினைவுக்காகப் பிள்ளையை அங்கே விடக் கூடாது. அதை அவரிடம் நேராகவே சொல்லலாம்.

மகள் இன்னொரு முறை கேட்டால், அம்மாவும் அப்பாவும் இரண்டு பாடசாலைகளையும் பார்த்துத் தீர்மானிப்போம் என்று சொல்லுங்கள். நாளை அவள் போகப்போகும் இடத்தை அவள் முன்னிலையில் யாரும் பழிக்காதிருப்பது முக்கியம். மாமிக்கு இதைக் கணவரே சொல்வது நல்லது.

நகரப் பாடசாலை கிடைக்கும் என்பதும் உறுதியல்ல. அண்மைக்காலச் சுற்றறிக்கைகளின்படி தரம் 1 இடங்களில் நூற்றுக்கு 50 அயலில் வசிப்போருக்கும், 25 பழைய மாணவரின் பிள்ளைகளுக்கும் உரியவை. அயலவர் பிரிவில், வீட்டுக்கு இன்னும் கிட்டிய பாடசாலைகள் இருந்தால் அவற்றுக்காகப் புள்ளிகள் கழிக்கப்படும் என்பதால், உங்களுக்கு வாய்ப்புள்ளது பழைய மாணவர் பிரிவில்தான். ஒன்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளுக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டுக்கும் முடிவுத் திகதிக்கு முன்னர் அனுப்பிவிட்டு, வகுப்பறைகளைப் பார்க்கும் வேலையை நிதானமாகச் செய்யுங்கள். மச்சாளுக்கு இப்போதைக்கு நன்றி சொன்னால் போதும். வான் காசைப் பற்றிப் பேசுவதை, நீங்கள் இருவரும் முடிவெடுத்த பின்னர் வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஆலோசகர்