பல்லே இல்லாத நீலத் திமிங்கிலம் எப்படிச் சாப்பிடுகிறது?

நீலத் திமிங்கிலத்தின் மேல்தாடையில் பற்களுக்குப் பதிலாக, ஒரு பக்கத்துக்குச் சுமார் 300 என்ற அளவில், சீப்பின் பற்களைப் போல நெருக்கமாகத் தொங்கும் தகடுகள் இருக்கின்றன. இவற்றுக்கே பலீன் என்று பெயர். நம் நகமும் முடியும் எந்தப் பொருளால் ஆனவையோ, அதே கெரட்டினால் ஆன இவற்றின் உள்விளிம்பு நார்நாராகப் பிரிந்து, பின்னிய வலைபோலக் காணப்படும். (கருவில் இருக்கும்போது பல் முளைகள் தோன்றி, பிறப்பதற்கு முன்பே மறைந்துவிடுவது வியப்பான செய்தி.)

இறாலைப் போன்ற சிறிய கிரில்கள் கூட்டமாகத் திரண்டிருக்கும் இடத்தில் திமிங்கிலம் வாயைப் பிளந்தபடி பாயும்போது, தொண்டையின் அடியிலுள்ள மடிப்புகள் விரிந்து, டன் கணக்கில் நீர் உள்ளே புகுகிறது. பிறகு வாயை மூடி நீரைப் பலீன் தகடுகளின் வழியே வெளியே தள்ள, கிரில் மட்டும் அந்த வலையில் சிக்கி உள்ளே தங்குகிறது. வாய் கொப்பளித்த நீரைப் பற்களைக் கடித்தபடியே வெளியேற்றிப் பாருங்கள். உணவுத் துணுக்குகள் உள்ளேயே நின்றுவிடும்.

இவ்வளவு பெரிய உடல் இவ்வளவு சிறிய இரையை நம்பியிருப்பதற்கும் காரணம் உண்டு. பெரிய மீன் சிறிய மீனை உண்ணும் ஒவ்வொரு படியிலும் ஆற்றலின் பெரும்பகுதி வீணாகிவிடுகிறது. நுண்பாசிகளை மேயும் கிரிலை நேரடியாக உண்பதால் இடைப்படிகளின் இழப்பு திமிங்கிலத்துக்கு இல்லை.

நீலத் திமிங்கிலம் மனிதரை விழுங்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வாய் எவ்வளவு பெரிதானாலும், அதன் உணவுக்குழாய் ஒரு மனித உடல் நுழைய முடியாத அளவுக்குக் குறுகலானது.